வான்குதிப்பு விமானங்களில் எஞ்சின் விசை இழப்பு

பாராசூட் குதிப்பாளர்களை ஏற்றிச் செல்லும் சிறு விமானத்தின் எஞ்சின் வானில் வலுக் குன்றுவதையோ நின்றுபோவதையோ, அதனால் விமானி ஓடுதளம் அல்லாத இடத்தில் இறக்க நேர்வதையோ இது குறிக்கும். செஸ்னா 182, செஸ்னா 206 ஆகிய பிஸ்டன் விமானங்களும், கேரவன், ட்வின் ஓட்டர் ஆகிய டர்போபிராப் விமானங்களும் இத்தொழிலில் மிகுதி.

காரணங்களில் தலையாயது எரிபொருள். எடையைக் குறைப்பதற்காகத் தொட்டியில் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டு நாளெல்லாம் ஏறி இறங்குவது வழக்கம். கணக்குப் பிசகினால் தொட்டி வற்றிவிடும். மாசு கலந்த எரிபொருள் இதனினும் கொடியது. 1985 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஜென்கின்ஸ்பர்க்கில் ஒரு கேரவன் விழுந்து விமானியும் 16 குதிப்பாளர்களும் இறந்தனர். எரிபொருளில் மாசு இருந்தது விசாரணையில் தெரிந்தது. 1992 ஏப்ரல் 22 அன்று கலிஃபோர்னியாவின் பெரிஸ் பள்ளத்தாக்கில் ஒரு ட்வின் ஓட்டர் எழும்பிய சற்று நேரத்தில், நீர் கலந்த எரிபொருளால் அதன் வலது எஞ்சின் அடங்கியது. ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினின் சுழலியை விமானி தவறுதலாக முடக்கினார். 22 பேரில் 16 பேர் மாண்டனர். 1980 முதல் இத்தகைய விமானங்களின் 32 விபத்துகளில் 172 பேர் இறந்ததாக அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2008இல் கணக்கிட்டது. இவற்றில் எஞ்சின் தொடர்பில்லாதவையும் அடங்கும். பிஸ்டன் எஞ்சினில் இன்னொரு காரணமாக, வேகமாக இறங்கும்போது சூடான சிலிண்டர் சட்டெனக் குளிர்ந்து வெடிப்புவிடும் என்று மூத்த விமானிகள் சொல்வதுண்டு; அது மிகைப்பட்ட அச்சம் என்போரும் உண்டு.

எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதை உயரமே தீர்மானிக்கிறது. சுமார் 1000 அடிக்குக் கீழே யாரும் குதிப்பதில்லை; பட்டையை இறுக்கிக்கொண்டு விமானத்தோடு இறங்குவர். அதற்குச் சற்று மேலே என்றால் குதித்துத் துணைப் பாராசூட்டை உடனே விரிப்பர். இன்னும் மேலே என்றால் வழக்கமான பாராசூட். இந்த எல்லைகள் குதிதளத்துக்குக் குதிதளம் மாறும். 2015 ஜனவரி 7 அன்று நியூசிலாந்தில் டௌப்போ ஏரியருகே ஒரு பி-750 விமானத்தின் எஞ்சின் செயலிழந்தபோது, விமானி உட்பட 13 பேரும் குதித்துப் பிழைத்தனர். விமானம் ஏரியில் விழுந்தது.

தமிழ்நாட்டில் ஓடுதளம் அல்லாத இடத்தில் இறங்கிய ஒரு நிகழ்வு வான்குதிப்பு விமானத்துடையது அன்று, பயிற்சி விமானத்துடையது. சேலத்திலிருந்து இயங்கிய செஸ்னா 172 ஒன்று 2025 நவம்பர் 13 அன்று புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையில் இறங்கியது. முன்பகுதி சேதமடைந்தது, உயிரிழப்பு இல்லை. சென்னைப் புறநகரில் இவ்வளவு எளிதில் முடியாது. 1000 அடியில் எஞ்சின் நின்ற சிறு செஸ்னா ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்தான் மிதக்கும். அப்புறநகரிலுள்ள நெமிலிச்சேரிக்கு மேலே அந்தத் தொலைவுக்குள் கண்ணில் படுவன வீடுகள், மின்கம்பிகள், ரயில்பாதை, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. சாலை அகலமானதுதான், ஆனால் நடுத்திட்டும் வாகனங்களும் உண்டு. கோடையில் வற்றிய ஏரி கிடைத்தால் அதுவே மேல்.

தற்போது இந்தியாவில் வணிக முறை வான்குதிப்பு ஹரியானாவின் நார்னௌலில் நடக்கிறது.