47 ஆண்டுகள் கடலோடிய ரஜூலா

பெருங்கப்பல்களின் வரலாறு எழுதும் மேனாட்டார் டைட்டானிக்கைப் பற்றியும் குயின் மேரியைப் பற்றியும் நூல்கள் பல எழுதிக் குவித்துள்ளனர். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் 'கப்பல்' என்ற மாத்திரத்தில் மூத்தோர் நினைவில் எழுவது வேறொரு பெயர். அது ரஜூலா.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக, 1926-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது இக்கப்பல். சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆட்களை ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் சேர்வதே அதன் தொழில். வேகத்திற்கோ ஒய்யாரத்திற்கோ அது பெயர் பெற்றதன்று. அது பெற்ற பெருமை வேறு. எட்டாயிரத்துச் சொச்சம் டன் எடையளவே கொண்ட அக்கப்பலுக்கு, தொடக்கக் காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமச் சான்று வழங்கப்பட்டிருந்தது. அதனினும் ஒன்பது மடங்கு பெரிதான குயின் மேரியில் பயணிகளுக்கென அமைந்த இடமோ ஏறக்குறைய 2,000 பேருக்குத்தான்!

கப்பல் நூலார் இவ்வெண்ணைச் சாதனை என்று வியந்து எழுதுகின்றனர். நமக்கு வியப்பு எழவில்லை. ஒரு பாயை விரித்தால் எவ்வளவு இடமோ அவ்வளவே ஒரு மனிதனுக்குப் போதும் என்று எவரோ கணக்கிட்டிருக்கிறார் என்பதே அவ்வெண்ணின் பொருள். அந்நாளில் அதில் நிறைந்திருந்தோர் பெரும்பாலும் கங்காணிகள் திரட்டிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர். மலேயாவுக்குக் கூலியாட்களை உதவிச் செலவில் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. போருக்குப் பின்னர் கப்பலை நிறைத்தோர் வணிகரும், விடுப்பில் ஊர் திரும்புவோரும், நம் சபுராளிகளுமே.

நாகையில் கப்பல் கரையை அணைவதில்லை, ஆழம் போதாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். டிரங்குப் பெட்டியும் பாயுமாகப் படகேறிச் சென்று, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏற வேண்டும். எம் பாட்டனார் இதனைச் சொல்லும்போதெல்லாம், கடலைவிட அந்த ஏணிக்கே தாம் அஞ்சியதாகக் கூறுவார்.

தளத்தில் தொழுகை நடத்தியோர்க்கு ஒரு செய்தி தெளிவாகத் தெரிந்திருக்கும். கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லுங்கால் கிப்லா அதன் பின்புறத்தில் அமையும். விட்டு வந்த ஊரும் அத்திசையிலேதான். திரும்பி வருங்கால் இரண்டும் முன்புறத்தில். கப்பல் திரும்பினால் தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ள வேண்டும் என்று நாம் மதரஸாவில் ஃபிக்ஹு நூலில் ஓதிய சட்டம், பாட்டனாருக்கு ஆண்டுக்கணக்கான அனுபவமாக இருந்தது.

ரஜூலாவுக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. அதே கம்பெனிக்காக அதே ஆண்டில் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்டப்பட்ட ரோனா. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் இரு கப்பல்களும் படைகளை ஏற்றும் பணிக்குச் சென்றன. 1943 நவம்பர் 26 அன்று, அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 2,000 அமெரிக்கப் படைவீரருடன் சென்ற ரோனாவை ஜெர்மானிய விமானத்திலிருந்து வானொலி அலையால் செலுத்தப்பட்ட குண்டு தாக்கியது. கப்பல் மூழ்கிற்று. இறந்தோர் 1,100-க்கும் மேல். அவர்களுள் அமெரிக்க வீரர் 1,015 பேர். செய்தி நெடுங்காலம் மறைத்து வைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் இயற்றித் தன் வீரரை நினைவுகூர்ந்தது.

இறந்தோருள் கப்பல் பணியாளர் நூற்றுக்கும் மேற்பட்டோர்; பெரும்பாலோர் இந்தியர். அவர்களை 'லஸ்கர்' என்பர். பாரசீகத்தில் 'லஷ்கர்' என்றால் படை. படை என்ற பெயரைச் சுமந்தும் படைவீரராக எண்ணப்படாத அம்மக்களைப் பற்றி, நம்மவர் எழுதிய நூல்களில் ஒரு வரியேனும் நாம் கண்டதில்லை. இக்குறை மேனாட்டாருடையதன்று, நம்முடையது.

ரஜூலா போரில் தப்பித்துப் பழைய வழிக்கே மீண்டது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி, அந்தமானிலுள்ள ரங்கத் என்ற ஊரின் பெயரைச் சூட்டிற்று. பெயர் மாறிய மறு ஆண்டே உடைக்கப்பட்டது. சிங்கப்பூர்த் தடத்தில் அதன் இடத்திற்கு வந்தது 'சிதம்பரம்'. பிரான்ஸில் பாஸ்டர் என்ற பெயருடன் கட்டப்பட்ட கப்பல் அது. 1985 பிப்ரவரி 12 அன்று, சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் அது தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். அத்துடன் அத்தடத்தில் பயணிகள் கப்பல் நின்றது.

பாட்டனாரின் டிரங்குப் பெட்டி எம் வீட்டுப் பரணில் இருக்கிறது. மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயரும் ஊரும் இன்றும் படிக்க முடிகிறது. பினாங்கு என்பதில் முதலெழுத்து மட்டும் அழிந்துவிட்டது.