கொரிய வகுப்பறைக்கு ஐந்து வாக்கிய வகைகள் வந்த வழி

தென் கொரியாவில் மதிப்பெண்ணுக்காக ஆங்கிலம் படித்த தலைமுறையினரிடம் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்தால், அது எத்தனையாவது வகை என்று பெரும்பாலும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எழுவாயும் வினையும் மட்டும் இருந்தால் முதல் வகை. எழுவாயை விளக்க நிரப்புச்சொல் சேர்ந்தால் இரண்டாவது. செயப்படுபொருள் ஒன்று வந்தால் மூன்றாவது, இரண்டு வந்தால் நான்காவது, செயப்படுபொருளும் அதற்கொரு நிரப்புச்சொல்லும் வந்தால் ஐந்தாவது. இந்த ஐவகைப் பகுப்பு கொரியாவில் பிறந்ததன்று. கொரிய மொழி பேசுவோர் ஆங்கிலத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எவரும் வகுத்ததுமன்று. அது வந்த வழியையும், அதனால் கவனத்திற்கு வராமல் போனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1882 மே மாதம் இன்றைய இன்சோன் துறைமுகத்தில் கொரியாவின் ஜோசன் அரசு அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பேச்சுவார்த்தைக்குச் சீன அதிகாரிகளின் துணை தேவைப்பட்டது. ஆங்கிலம் அறிந்தவர்கள் அரசவையில் இல்லை. மறுஆண்டே மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கத் தொங்முன்ஹாக் என்ற பள்ளி திறக்கப்பட்டது. 1886இல் அதனிடத்தில் யுகியோங் கோங்வோன் என்ற அரச பள்ளி எழுந்தது. ஹோமர் ஹல்பர்ட், ஜார்ஜ் கில்மோர், டால்செல் பங்கர் என்ற மூன்று இளம் அமெரிக்கர்கள் ஆசிரியர்களாக வந்தார்கள். மாணவர்கள் உயர்குடிப் பிள்ளைகளும் இளம் அதிகாரிகளும். ஆசிரியர்களுக்குக் கொரிய மொழி தெரியாது. அதனால் ஆங்கிலம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. கணக்கும் புவியியலும்கூட அம்மொழியிலேயே நடந்தன. இலக்கண விதிகளை மனப்பாடம் செய்யும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை. 1883இல் முதல் அமெரிக்கத் தூதருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த யுன் சி-ஹோ, 1889 முதல் தம் நாட்குறிப்பையே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு கொரியர் ஆங்கிலத்தில் எட்டக்கூடிய உயரத்திற்கு அவர் சான்று.

ஆசிரியராக வந்த ஹல்பர்ட் தாமே மாணவராகிக் கொரிய மொழியைக் கற்றார். 1905இல் சியோலில் அவர் வெளியிட்ட நூல் தமிழருக்கு நெருக்கமானது: கொரிய மொழிக்கும் இந்தியாவின் திராவிட மொழிகளுக்கும் ஓர் ஒப்பிலக்கணம். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்த நேரம் அது. இவ்விரண்டு குடும்பங்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்ற அவருடைய முடிவை இன்றைய வரலாற்று மொழியியல் ஏற்பதில்லை. ஆனால் அமைப்பளவில் உள்ள ஒற்றுமை உண்மையானது. "நேகா ஒஜே சான் செக்" என்ற கொரியத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் "நான் நேற்று வாங்கிய புத்தகம்" என்று வரும். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கிறது, உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தைக் கற்கும் கொரியர் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. தாய்மொழியின் அமைப்பைக் கொண்டு அயல்மொழியைக் கற்பிக்கும் ஒரு மரபு இங்கிருந்து வளர்ந்திருக்கலாம்.

வளரவில்லை. அதே 1905 நவம்பரில் கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. 1910இல் முழுமையாக இணைக்கப்பட்டது. 1911இன் கல்வி ஆணை ஜப்பானிய மொழியைத் 'தேசிய மொழி' ஆக்கியது. அதன் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் சுருங்கியது. 1922இன் திருத்தத்திற்குப் பிறகு மீண்டும் இடம் பெற்றபோது, அது உயர்கல்வி நுழைவுத் தேர்வுக்கான பாடமாக வந்தது. கொரியப் பிள்ளை ஆங்கில வாக்கியத்தை இன்னொரு அயல்மொழியான ஜப்பானியத்தில் பெயர்த்து எழுத வேண்டியிருந்தது. அவன் கையிலிருந்த இலக்கணமும் ஜப்பானிலிருந்து வந்ததே.

ஐந்து வகைகளின் வரலாறு இங்குதான் சேர்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் பணியாற்றிய சி. டி. ஆனியன்ஸ் 1904இல் ஆங்கிலத் தொடரியல் நூலொன்றை வெளியிட்டார். பயனிலையின் ஐந்து வடிவங்கள் என்று அதில் அவர் பகுத்ததை, 1917இல் ஹோசோயே இட்சுகி தம் இலக்கண நூல் வழியே ஜப்பானில் பரப்பினார். ஆனியன்ஸின் சொந்த நாட்டில் அப்பகுப்பு பெரிதாக நிலைக்கவில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் அது அசைக்க முடியாததாயிற்று. காரணம் தேர்வுதான். வாக்கியத்தைப் பெயர்க்குமுன் அதைக் கூறுகூறாக வெட்டிப் பார்க்க வேண்டும்; வெட்டுவதற்கு ஐந்து வகைகள் நல்ல கத்தி. பெயரை விளக்கும் கிளைத்தொடர் வந்தால் பின்னாலிருந்து முன்னோக்கிப் பெயர்க்கும் பழக்கமும் இதோடு வேரூன்றியது. ஆங்கிலத்தில் பெயருக்குப் பின் வருவதைப் பெயரெச்சமாக்கி முன்னே கொண்டுவர வேண்டுமே! மாணவனின் கண் வரி முடியும் வரை போய்த் திரும்பி வந்தது. படிப்பதற்கு அது உதவியது, பேசுவதற்கு உதவவில்லை.

ஜப்பான் போரில் தோற்றபின், 1945 செப்டம்பரில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் முதல் பிரகடனம், அமெரிக்க இராணுவ ஆட்சிக் காலத்தில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்றது. வகுப்பறையின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. 1967இல் சொங் சொங்-முன் எழுதிய வழிகாட்டி நூல், பிற்பாடு அவர் பெயராலேயே 'சொங்முன்' என்று வழங்கி, சில பத்தாண்டுகளுக்கு நுழைவுத் தேர்வு மாணவர்களின் மேசைகளில் இருந்தது. வாக்கிய வகைகள், துணைவினைகள், நிபந்தனைத் தொடர்கள், எச்சங்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சென்ற அந்நூலின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அது தனி ஆசிரியராக இருந்தது. ஆனால் அந்த அத்தியாய வரிசை ஆங்கிலத்தின் உள்ளமைப்பைப் பார்த்து அமைந்தது. கொரியரின் நாவைப் பார்த்து அமைந்ததன்று.

நாவைப் பார்த்த ஆய்வுகள் பிறகு வந்தன. 1989இல் ஜான்சன், நியூபோர்ட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், 3 முதல் 39 வயதுக்குள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த 46 பேரைச் சோதித்தார்கள். அவர்கள் கொரியம் அல்லது சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 276 வாக்கியங்களைக் கேட்டு எது சரி, எது பிழை என்று சொல்ல வேண்டும். குடிபெயரும் வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கியது என்பதற்காகவே இந்த ஆய்வு புகழ்பெற்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அதன் இன்னொரு பட்டியல். வயது முதிர்ந்து வந்தவர்கள்கூட அடிப்படைச் சொல்வரிசையில் அதிகம் தவறவில்லை; அதிகம் தவறியது 'எ', 'தி' என்ற ஆர்ட்டிக்கிள்களிலும் பன்மை விகுதியிலும். ஐந்து வகைகள் கற்பிப்பது சொல்வரிசையைத்தான். எளிதில் கைவருவதற்குப் பக்கங்கள் செலவாயின. கைவராதது ஓர் அத்தியாயத்தில் முடிந்தது.

இந்தத் தடுமாற்றங்களுக்குத் தாய்மொழியில் வேர் உண்டு. கொரியத்தில் ஆர்ட்டிக்கிள் இல்லை. பன்மை விகுதி விருப்பப்படி வருவது. "மூணு புத்தகம் வாங்கினேன்" என்று நாம் சொல்வது அவர்களுக்கும் இயல்பே. 2004இல் ஐயோனின், கோ, வெக்ஸ்லர் மூவரும் செய்த ஆய்வு ஒரு நுட்பத்தை வெளிக்கொணர்ந்தது. பேசுபவர் ஒரு குறிப்பிட்ட ஆளை மனத்தில் வைத்துப் பேசும்போது, கேட்பவருக்கு அவரைத் தெரியாவிட்டாலும், கொரிய மாணவர்கள் பல வேளைகளில் 'தி' போட்டார்கள். அப்படிப் போடும் மாணவன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. ஆங்கிலத்தின் விதிக்குப் பதிலாக, மனித மொழிகளில் இருக்கக்கூடிய வேறொரு விதியைக் கைக்கொள்கிறான்.

'ஐ ஆம் கோ' என்ற பிழையும் அப்படிப்பட்டதே. பேச்சு எதைப் பற்றியது என்று சுட்ட 'நன்' என்ற இடைச்சொல் கொரியத்தில் உண்டு. 'நான் மாணவன்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' வருவதைப் பார்த்த குழந்தை, 'ஆம்' என்பதை அந்த இடைச்சொல்லாக எடுத்துக்கொள்கிறது. அதனால் எல்லா வாக்கியத்திலும் அதை ஒட்டுகிறது. உணவகத்தில் கொரியர் "நானோ, நூடுல்ஸ்" என்ற அமைப்பில் இயல்பாகச் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஐ ஆம் நூடுல்ஸ்' ஆக்கிவிடுவதும் இவ்வழியில்தான். எழுவாயை விட்டுவிடுவதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் எழுவாய் தோன்றாவிட்டாலும் 'போகிறேன்', 'போகிறாள்' என்ற விகுதி ஆளைக் காட்டிவிடும். கொரிய வினை இடத்திற்கும் பாலுக்கும் மாறுவதில்லை. படர்க்கை ஒருமை வினையில் வரும் ஆங்கில 'எஸ்' அவர்களுக்குப் புது உலகம். எதிர்மறைக் கேள்விக்கான பதிலில் மீண்டும் நாமும் அவர்களும் ஒரே பக்கம். "நீ சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்கிறோம்; ஆங்கிலம் அங்கே 'நோ' என்கிறது.

1994 கல்வியாண்டுக்கான சேர்க்கையிலிருந்து நடக்கும் சுனுங் நுழைவுத் தேர்வு, கேட்டல் திறனுக்கு இடம் தந்தது. 1997இல் ஆங்கிலம் தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்பிற்கு இறங்கியது. இலக்கணத்தின் எடை குறைந்தது: இன்று 45 வினாக்களில் நேரடி இலக்கணத்துக்கென வழக்கமாக வருவது ஒன்றே. ஒரு பத்தியில் ஐந்து இடங்களுக்கு அடிக்கோடிட்டு, தவறானதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அந்தக் கோடுகள் பெரும்பாலும் நீண்ட எழுவாய்க்கு ஏற்ற வினை, செய்வினையா செயப்பாட்டு வினையா என்ற எச்சம், கிளைத்தொடரை இணைக்கும் சொல் ஆகியவற்றின் கீழே விழுகின்றன. ஆர்ட்டிக்கிளின் கீழே கோடு விழுவது அரிது. எழுத்தில் எது சரி என்று ஆங்கிலேயரே தயங்கும் இடங்கள் அதில் உண்டு என்பதும், ஒற்றை விடை வேண்டும் தேர்வுக்கு அது ஒத்துவராது என்பதும் உண்மைதான். அப்படியானால் அதைத் தேர்விலிருந்து விடுவித்து, ஆரம்ப வகுப்பிலேயே தாய்மொழியோடு சேர்த்துப் பேச்சில் பழக்க வேண்டும். கொரியத்தில் 'அந்த' என்று சுட்டும் 'க' என்ற சொல் எங்கே 'தி'யோடு பொருந்துகிறது, எங்கே பிரிகிறது என்று பிள்ளைகளோடு உரக்கப் பேசிப் பார்க்கலாம். அதற்குப் பாடநூலில் ஒரு பக்கமே போதும்.