வாள் கடைசியில்தான் கைக்கு வருகிறது

2009இல் யுத்தம் முடிந்த பின்னரான ஆண்டுகளில் ‘ஆவா’ போன்ற வாள்வெட்டுக் குழுக்களின் பெயர்கள் யாழ்ப்பாணச் செய்திகளில் அடிபடத் தொடங்கின. “எங்கட பிள்ளையள் எப்படி இதுக்குள்ள போச்சினம்?” என்று பலரும் கேட்கிறார்கள். நான் படிப்பித்த ஒருவன் போன வழியைச் சொல்கிறேன்.

தந்தை இறுதி யுத்தத்தில் காணாமல்போனவர். தாய் கூலி வேலைக்குப் போவார். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாததும் அவன் வகுப்புக்கு வருவதை விட்டான். பின்னேரங்களில் சந்தியில் நின்றான். அங்கு நின்ற அண்ணாமார் முதலில் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு மோட்டார் சைக்கிளை ஓடக் கொடுத்தார்கள். அவனுக்கு ஒருவன் அடித்தபோது அவனுக்காகச் சண்டைக்குப் போனார்கள். கடன் அப்படித்தான் ஏறியது.

ஒருநாள், “நீ ஒண்டும் செய்ய வேண்டாம், சைக்கிளை மட்டும் ஓடு” என்றார்கள். அன்று இன்னொரு தாயின் பிள்ளைக்குக் கையில் வெட்டு விழுந்தது. வழக்கில் இவனும் சந்தேகநபர். பிணைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் அவர்களே. அதன்பின் அவனால் விலக முடியவில்லை.

அவன் வகுப்புக்கு வராத முதல் கிழமையே நான் அவன் வீட்டுப் படலையைத் தட்டியிருக்க வேண்டும். தேநீரோடு நிற்கும் பிள்ளையைத் திருப்பியழைக்க அக்கறையுள்ள ஒருவர் போதும். வழக்கு விழுந்த பிறகு ஊரே சேர்ந்தாலும் கடினம்.