நான் பாதியில் நிறுத்திய பாடம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பல வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஜப்பானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். போரில் நொறுங்கிய நாடு 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே புல்லட் ரயிலை விட்டது, ஒன்பது நாள் கழித்து ஒலிம்பிக்கும் தொடங்கியது என்று கையை வீசி வீசிச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்தான். "சார், அந்த ரயில் நிக்காத ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "உட்காருப்பா" என்றேன். தினமும் பாசஞ்சர் வண்டியில் வந்து படித்த பையன் அவன். பெயர் சொல்லவில்லை, படித்தால் அவனுக்கே தெரியும். அவனுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

2019 கோடையில் நானும் மனைவியும் யோகோஹாமாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனோம். ஒசாகா போய்வர ஆசை. புல்லட் ரயிலில் ஓர் ஆளுக்கு ஒரு வழிக்கு 14,000 யென்னுக்கு மேல். ஓய்வூதியக்காரனின் கணக்கு இடித்தது. மகன் சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டினான். பெயர் 'செய்ஷுன் ஜூஹாச்சி கிப்பு'. இளமை 18 சீட்டு என்று சொல்லலாம். விலை 11,850 யென். அதில் ஐந்து கட்டங்கள். ஒரு கட்டத்தில் முத்திரை விழுந்தால், ஓர் ஆள் அன்று நள்ளிரவு வரை நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். ஒரே நிபந்தனை, ஜே.ஆர். நிறுவனங்களின் சாதாரண வண்டியிலும் துரித வண்டியிலும்தான் ஏற வேண்டும். புல்லட் ரயிலும் எக்ஸ்பிரஸும் கூடாது. "பதினெட்டு வயசுக்கு நான் எங்கே போவேன்?" என்றாள் மனைவி. பெயரில்தான் 18, வயது வரம்பே கிடையாது.

நாங்கள் இருவர், போக இரண்டு முத்திரை, வர இரண்டு முத்திரை. அதிகாலையில் கிளம்பி, அதாமி, ஹமமாட்சு, தொயோஹாஷி, ஒகாகி, மைபாரா என்று மாறி மாறி ஏறினோம். புல்லட் ரயில் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் தூரத்துக்கு எங்களுக்கு ஒரு பகல் முழுதும் போனது. அப்போது ஷிசுவோகா பக்கம் ஓடிய சில வண்டிகளில் கழிப்பறை இல்லை. வயதானவர்கள் கவனிக்க வேண்டியிருந்த விஷயம். ஆனால் ஒகாகி தாண்டியதும் செகிகஹாரா என்ற சிறு நிலையத்தில் வண்டி நின்றதே, அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். 1600-இல் ஜப்பானின் தலையெழுத்தை மாற்றிய போர் நடந்த ஊர். "நம்ம கிழக்கிந்தியக் கம்பெனிக்கு லண்டனில் சாசனம் கொடுத்த அதே வருஷம்" என்றேன். "ரயில்லயும் பாடமா?" என்றாள் அவள்.

இந்தச் சீட்டு எப்படி வந்தது என்று படித்தபோதுதான் என் பாடத்தின் ஓட்டை தெரிந்தது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிய அதே 1964-ஆம் நிதியாண்டில்தான் ஜப்பான் தேசிய ரயில்வே நஷ்டத்தில் விழுந்தது. பிறகு எழவே இல்லை. புல்லட் ரயிலால் நஷ்டம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தடம் நன்றாகவே சம்பாதித்தது. கார்களும் லாரிகளும் பெருகின, ஆள் ஏறாத கிளைத் தடங்கள் நீண்டன, கடன் வாங்கியே முதலீடு செய்தார்கள், வட்டி குட்டி போட்டது.

1980-இல் ஒரு சட்டம் போட்டு, நஷ்டமான 83 கிளைத் தடங்களைக் கழற்றிவிட்டார்கள். அவற்றில் 45 பேருந்துத் தடங்களாயின. 38 உள்ளூர் ரயில் நிறுவனங்களிடம் போயின. இந்த நெருக்கடிக்கு நடுவே 1982 வசந்தத்தில் பிறந்தது நம் சீட்டு, அன்றைய விலை 8,000 யென். யோசனை எளிமையானது. பள்ளி விடுமுறையில் மாணவர்கள் இல்லாமல் சாதாரண வண்டிகள் காலியாக ஓடும்; எப்படியும் ஓடும் வண்டியில் யாராவது ஏறினால் வந்தது வரவு. அதனால்தான் இன்றும் வசந்தம், கோடை, குளிர்கால விடுமுறைகளை ஒட்டி மட்டும் செல்லும்.

1987 ஏப்ரல் 1 அன்று தேசிய ரயில்வே கலைக்கப்பட்டது. அப்போது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். பயணிகளுக்கு ஆறு நிறுவனங்கள், சரக்குக்கு ஒன்று என்று பிரித்தார்கள். வீடு பிரிந்த பிறகும் ஆறு பேரும் சேர்ந்து காப்பாற்றிய பழைய பழக்கம் இந்தச் சீட்டு.

அதை நம்பி ஒரு தலைமுறையே ஊர் சுற்றியது. டோக்கியோவிலிருந்து இரவு கிளம்பி விடியலில் ஒகாகி சேரும் இரவு வண்டி அவர்களுக்குக் கோயில் மாதிரி. நள்ளிரவுக்குப் பின் வரும் முதல் நிறுத்தம் வரை தனிச்சீட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு புது நாளின் முத்திரையில் பயணம். ஒகாகியில் கதவு திறந்ததும் அடுத்த வண்டியில் இடம்பிடிக்க எல்லோரும் ஓடுவார்களாம். அந்த வண்டி 2020 மார்ச்சில் கடைசியாக ஓடியது.

எங்கள் அட்டையில் ஒரு கட்டம் மிச்சம். நான் மட்டும் தகாசாகி போய், அங்கிருந்து கிளை வண்டியில் யோகோகாவா போனேன். சீருடையில் நாலைந்து மாணவர்கள் வழியில் இறங்கிப் போனார்கள். யோகோகாவாவில் தண்டவாளம் மலையடிவாரத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது.

1893 முதல் அங்கே ரயில் மலை ஏறியது. 15 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் செங்குத்து. தள்ளிவிட இரண்டு எஞ்சின்களை மாட்டும் நேரத்தில் பயணிகள் இறங்கி மண்சட்டிச் சோறு வாங்குவார்கள். 1997 அக்டோபர் 1 அன்று நாகானோவுக்குப் புல்லட் ரயில் வந்தது. முந்தின நாளோடு இந்த மலைத் தடத்தை மூடிவிட்டார்கள். மலைக்கு அப்பால் உள்ள பழைய தடம் உள்ளூர் நிறுவனத்துக்குப் போனது. அங்கே நம் முத்திரை செல்லாது. பிறகு பல இடங்களில் இதே கதை. 2015-இலும் 2024-இலும் ஹொகுரிகு பக்கம் புல்லட் ரயில் நீண்டபோது, அங்கிருந்த பழைய தடங்களும் கைமாறின.

மண்சட்டிச் சோறு இப்போதும் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு, முடிந்துபோன தண்டவாளத்தைப் பார்த்தபடி சாப்பிட்டேன். அந்தப் பையன் நினைவு வந்தது. நீ கேட்டது சிரிப்பதற்கான கேள்வி இல்லையப்பா. ரயில் நிற்காத ஊர்க்காரர்கள் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். தங்கள் வரிப்பணத்தில் உள்ளூர் ரயிலைத் தாங்கினார்கள். முடியாதவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். இதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால்தான் அது வரலாற்றுப் பாடம். நான் சாதனையோடு நிறுத்திவிட்டேன். உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

2024 குளிர்காலம் முதல் சீட்டின் விதி மாறிவிட்டதாக மகன் சொன்னான். ஓர் அட்டை ஓர் ஆளுக்குத்தான். அதுவும் மூன்று நாளோ ஐந்து நாளோ தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். இருவர் ஒரே அட்டையில் போன எங்கள் பயணம் இனி நடக்காது. ஐந்து முத்திரை விழுந்த அட்டையை மனைவி பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பிள்ளைகளே, உங்களில் பலர் பாசஞ்சர் வண்டியில் வந்து படித்தவர்கள். உங்கள் ஊர் நிலையத்தில் இன்று எத்தனை வண்டி நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். மூடிவிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த முறை எழுந்து நின்றே பதில் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்