புரூக்ளின் ஆர்மி டெர்மினல்: பெயரும் பணியும்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் கடற்கரையை ஒட்டி அமைந்துள்ள 'ஆர்மி டெர்மினல்' இன்று படைத்தளம் அன்று, தொழிற்கூடங்களின் வளாகம். படை நீங்கிய பின்னும் பெயர் நீங்கவில்லை. ஆகவே, இப்பெயரைத் தமிழாக்குவோர் அவ்விடத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

முதல் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைகளுக்குத் தளவாடங்கள் அனுப்பும் பொருட்டு, 1918-இல் இதன் கட்டுமானம் தொடங்கிற்று. உல்வொர்த் கட்டடத்தை வடிவமைத்த காஸ் கில்பர்ட்டே இதனையும் வடிவமைத்தார். 1919-இல் பணி நிறைவுற்றபோது போர் முடிந்திருந்தது. சரக்குத் தொடர்வண்டிகள் கட்டடத்தினுள்ளேயே வந்து நின்றன. பாரந்தூக்கிகள் சரக்கை ஒன்றைவிட்டு ஒன்று விலகி அமைந்த மாடங்களுக்கு ஏற்றின. இரண்டாம் உலகப் போரில், படையினரையும் தளவாடங்களையும் கப்பலேற்றும் நியூயார்க் அமைப்பின் தலைமையகமாக இது விளங்கிற்று. 1958-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி படைவீரராக ஜெர்மனிக்குக் கப்பலேறியதும் இங்கிருந்தே. 1981-இல் இதனை நகர நிர்வாகம் விலைக்கு வாங்கிற்று.

'டெர்மினல்' என்பதற்கு 'முனையம்' வழக்கில் உள்ளது. ஆயின், 'முனை' போர்க்களத்தையும் குறிக்கும் சொல். எனவே 'இராணுவ முனையம்' எனின் போர்முனை என்னும் மயக்கம் தோன்றக்கூடும். இங்கோ போர் நிகழ்ந்ததில்லை. இருப்புப்பாதை முடிந்து கடல்வழி தொடங்கிய இடம் இது. படையினர் பயன்படுத்திய காலத்தைக் கூறுமிடத்துப் 'படைத்துறைக் கப்பலேற்றுதுறை' என விளக்குதலும், இன்றைய வளாகத்தைச் சுட்டுமிடத்துப் பெயரை ஒலிபெயர்த்தலும் பொருந்தும்.