சுமையும் ஊட்டமும்: மூட்டுக் குருத்தெலும்பில் எது நகர்கிறது?

முழங்கால் மூட்டின் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. வளர்ந்தவர்களில் அதன் செல்களுக்கு வேண்டிய குளுக்கோசும் ஆக்சிஜனும் பெரும்பாலும் மூட்டுத் திரவத்திலிருந்தே வந்து சேருகின்றன. நடக்கும்போது குருத்தெலும்பு பஞ்சுபோல் பிழியப்பட்டு, சுமை நீங்கியதும் ஊட்டத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பது வகுப்பறைகளில் வழங்கிவரும் விளக்கம். அது பாதிதான் சரி.

குருத்தெலும்பின் எடையில் ஏறத்தாழ 65 முதல் 80 விழுக்காடு நீர். ஆனால் நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைகன்கள் நிறைந்த அதன் வலைப்பின்னல் அந்நீரை எளிதில் நகரவிடாது. 2 மி.மீ. தடிமனுள்ள அடுக்கு நிலையான சுமையின்கீழ் முழுமையாக அமுங்கி நிலைகொள்ள மணிக்கணக்கில் ஆகும். நடையின் ஒரு சுற்றோ ஏறக்குறைய 1 நொடி. அதற்குள் திரவம் குறிப்பிடத்தக்க அளவில் அசைவது மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய பகுதியில் மட்டுமே. குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறுகள் விரவலாலேயே, அதாவது தாமாகப் பரவுவதாலேயே, ஆழம் வரை சென்றுவிடும். அவற்றுக்கு இந்த அசைவு கூடுதலாகத் தருவது சொற்பம்.

பெரிய மூலக்கூறுகளின் கதை வேறு. 1990இல் ஓஹாரா, அர்பன், மரூடாஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மாறிமாறி ஏறி இறங்கும் சுழற்சிச் சுமையின்கீழ் குருத்தெலும்புத் துண்டுகளிலிருந்து அல்புமின் என்ற பெரிய புரதம் வெளியேறும் வேகம் 30 முதல் 100 விழுக்காடு கூடியது. சிறு மூலக்கூறான யூரியாவின் வேகம் மாறவில்லை. தானாக விரவுவதில் அல்புமின் மிக மந்தம். அதனால் திரவத்தின் சிறு ஓட்டமும் அதற்குப் பெரிய உதவி. இடைவிடாத நிலையான சுமையோ இதற்கு நேரெதிர்: நீர் வெளியேறி வலை இறுகுவதால் விரவலும் தளர்கிறது.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவுக்கு இந்த வேறுபாடு நெருங்கிய தொடர்புடையது. அங்கே பிரபா நாயர் குழுவினர் பாலிவினைல் ஆல்கஹாலும் பாலிகேப்ரோலாக்டோனும் கலந்த நுண்துளைச் சட்டகத்தில் மூலச்செல்களை வளர்த்து, வளர்ச்சிக் காரணிகள் அவற்றைக் குருத்தெலும்புச் செல்களாக எவ்வாறு மாற்றுகின்றன என்று 2010இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தனர். வளர்ச்சிக் காரணிகள் புரதங்கள். குளுக்கோசைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே இத்தகைய சட்டகம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதோடு சோதனையை நிறுத்துவது போதாது. சுழற்சிச் சுமையின்கீழ் புரதம் அதனுள் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதையும் அளக்க வேண்டும் என்பது என் வாதம். இயங்கும் சுமையில் பொருளைச் சோதிக்கும் மரபு அந்நிறுவனத்துக்குப் புதிதன்று. 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட, அந்நிறுவனத்தின் சித்ரா இதய வால்வு, கோடிக்கணக்கான திறப்பு மூடல்களை ஆய்வகத்தில் தாங்கிய பிறகே அறுவை அரங்குக்குச் சென்றது.

ஒரு சிக்கல் உண்டு. செல்கள் அழுத்தத்தை நேரடியாகவும் உணர்கின்றன. சுமையின்கீழ் வளர்ந்த திசு உறுதியாக இருந்தால் அதற்குக் காரணம் ஊட்டமா, அழுத்தம் தந்த தூண்டலா என்று சொல்ல இயலாது. செல்லே இல்லாத சட்டகத்தில், சிறிதும் பெரிதுமான இரு மூலக்கூறுகளின் நகர்வைச் சுமையின்றியும், நிலையான சுமையிலும், சுழற்சிச் சுமையிலும் முதலில் அளந்துகொண்டால், ஊட்டம், தூண்டல் ஆகிய இரண்டில் ஊட்டப் போக்குவரத்தின் பங்கையாவது பிரித்துக் காட்டலாம்.