ஃப்ளூ மாத்திரை: யாருக்குக் காசுக்கேத்த பலன்? யாருக்கு வீண் செலவு?

அடிச்சுப் போட்ட மாதிரி உடம்பு வலி, காய்ச்சல், இருமல். ஃப்ளூ என்று தெரிந்ததும் பலர் கேட்பது, 'டாமிஃப்ளூ போட்டா சீக்கிரம் சரியாகிடுமா?' கொடுக்கிற காசுக்கு என்ன பலன் என்று பார்ப்போம்.

என்னென்ன மருந்துகள்?

* ஓசல்டாமிவிர் (டாமிஃப்ளூ): பெரியவர்களுக்கு 75 மி.கி. காப்சூல், தினம் 2 வேளை, 5 நாள்.
* சனாமிவிர்: வாய்வழியாக உறிஞ்சும் பொடி, 5 நாள்.
* பலோக்சாவிர்: ஒரே ஒரு டோஸ். 2018-ல் ஜப்பான், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

வழக்கமாக அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கணும். தாமதமானால் பலன் குறையும்.

பலன் எவ்வளவு?

2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வின்படி, ஓசல்டாமிவிர் எடுத்த பெரியவர்களுக்கு அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைந்தன. அதாவது, ஒரு நாள்கூட மிச்சமில்லை. சிலருக்குக் குமட்டல், வாந்தியும் வந்தது.

பலோக்சாவிர் ஒரே டோஸில் வைரஸை வேகமாகக் குறைக்கிறது. ஆனா, மற்றபடி ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் 2018-ல் வெளியான ஆய்வில், குணமாக இரண்டு மருந்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. ஓசல்டாமிவிருக்கு விலை குறைந்த ஜெனரிக் இருக்கும்போது, சீக்கிரம் குணமாக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதில் லாபமில்லை.

பிரிட்டன் போட்ட கணக்கு

மருந்துச் செலவை மதிப்பிடும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு, ஒருவருக்கு முழு ஆரோக்கியத்துடன் ஓர் ஆண்டு கிடைக்க எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கும். 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால் 'காசுக்கேத்த மருந்து' என்பது நீண்டகாலமாக அதன் அளவுகோலாக இருந்தது.

2009-ல் அது சொன்ன முடிவு: ஃப்ளூ பரவும் காலத்தில், 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், இதயம், நுரையீரல், சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஓசல்டாமிவிர் அல்லது சனாமிவிர் தரலாம். இரண்டும் பொருந்தினால், விலை குறைந்ததைத் தரணும். ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பரிந்துரை இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? ஆரோக்கியமானவருக்கு மிச்சமாவது சில மணி நேரம். ஆபத்தில் இருப்பவருக்கோ நிமோனியா, மருத்துவமனை, ஐசியூ என்று போக வாய்ப்பு அதிகம். அதில் கொஞ்சம் தவிர்த்தாலும் மருந்துச் செலவு ஈடாகிவிடும்.

இப்போ நிலவரம் என்ன?

உலக சுகாதார அமைப்பின் 2024 வழிகாட்டுதல், நோய் தீவிரமாகாவிட்டாலும் தீவிரமாகும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு பலோக்சாவிரையும், தீவிர பாதிப்புக்கு ஓசல்டாமிவிரையும் சொல்கிறது. இந்தியாவின் ஏ, பி, சி வகைப்பாட்டிலும் லேசான 'ஏ' வகைக்கு ஓசல்டாமிவிர் தேவையில்லை.

வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, நீண்டகால நோயாளி இருந்தால், காய்ச்சல் வந்த முதல் 2 நாளுக்குள் டாக்டரைப் பாருங்க. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தால் உடனே மருத்துவமனை போங்க. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வும் தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும்.